பழைய லேப்டாப் செல் டெஸ்டிங்: ஐஎன்ஏ219, ஈஎஸ்பி32, அப்புறம் ஜுபிடர் நோட்புக்

வீட்டு ரூட்டருக்கு ஒரு பேக்கப் பேட்டரி பேக், ஒருவழியா முடிஞ்சு ஓடிட்டிருக்கு. பழைய லேப்டாப் பேட்டரிங்கள உடைச்சு எடுத்த 18650 செல்லுதான், அதாவது உருளை வடிவ லித்தியம் செல், உள்ள இருக்கு, மூணு சீரிஸ், ரெண்டு பேரலல். பேக் கட்டறத பத்தி ஏற்கனவே நிறைய பேர் நல்லா எழுதியிருக்காங்க, அதனால அத விட்டுட்டு எந்த செல்ல வச்சுக்கறது எத கழிச்சுக் கட்டறதுன்னு முடிவு பண்ண நான் எடுத்த அளவுகள், அத ஜுபிடர் நோட்புக்ல (பைத்தான் கோட ப்ளாக் ப்ளாக்கா எழுதி ஓட்டிப் பாக்கற இடம்) போட்டு அலசுனது, அத மட்டும் வரிசையா எழுதறேன். முக்கால்வாசி நேரம் அங்கதான் போச்சு.

மொதல்ல சாமான். ஈஎஸ்பி32ங்கற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு 400 ரூபா கிட்ட, ஐஎன்ஏ219 கரண்ட் சென்சார் மாட்யூல் 150, லோட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்சா ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் ஒண்ணு, 4.7 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர், பிளாஸ்டிக் 18650 ஹோல்டர், டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சார், சின்ன ஓலெட் டிஸ்ப்ளே. எல்லாம் சென்னை ரிச்சி தெருவுலயே கெடைச்சது, மொத்தமா ஆயிரத்துக்குள்ள அடங்கிடுச்சு. லீட்டோகாலான்னு பேர் போட்ட ரெடிமேட் டெஸ்டர் வாங்கலாமேன்னு கேப்பீங்க, வாங்கலாம், ஆனா அது கடைசியில ஒரு நம்பர் காட்டும், எனக்கு அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு முழு டிஸ்சார்ஜ் கோடும் வேணும்.

டெஸ்ட் என்னன்னா, முழுசா சார்ஜ் ஆன செல்ல ஒரு ரெசிஸ்டர் (அதான் லோடு) வழியா காலி பண்ணி, அது எவ்வளவு குடுக்குதுன்னு அளக்கறது. வயரிங் ரொம்ப சிம்பிள். செல் பாசிட்டிவ்லேர்ந்து ஐஎன்ஏ219 வழியா ரெசிஸ்டர், அங்கேர்ந்து மாஸ்ஃபெட் வழியா கிரவுண்ட். மாஸ்ஃபெட் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் கண்டிப்பா போடுங்க, போர்டு ரீசெட் ஆகற நேரத்துல பின் அந்தரத்துல நிக்கும், அப்போ லோடு தானா ஆன் ஆகிடக் கூடாது. 4.2 வோல்ட்ல சுமார் 0.85 ஆம்பியர் இழுக்கும், 3 வோல்ட்டுக்கு இறங்கறப்போ 0.6 கிட்ட வந்துடும். ரெசிஸ்டர்ல மூணரை வாட்தான் விழுது, இருந்தாலும் கைய வச்சா சுடும், அதனால செல்ல விட்டு தள்ளி ஒரு ஓட்டுத் துண்டு மேல வச்சேன்.

ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள்ள ஓடற ப்ரோக்ராம், என்ன பண்ணுதுன்னா, ஒரு லூப்ல வோல்டேஜ், கரண்ட், டெம்பரேச்சர் படிச்சு சீரியல்ல கமா போட்டு ஒரு வரியா அனுப்பும், கூடவே தானே கணக்குப் போட்டு எத்தன எம்ஏஎச் (மில்லிஆம்பியர் ஹவர், செல் குடுத்த சார்ஜோட அளவு) ஆச்சுன்னு ஓலெட்ல காட்டும். 3 வோல்ட் வந்ததும் லோட நிறுத்தும். இந்த நிறுத்தற வேலைய கம்ப்யூட்டர் கிட்ட குடுக்கவே கூடாது, போர்டுக்குள்ளதான் இருக்கணும். கரண்ட் போய் லேப்டாப் தூங்கிடுச்சுன்னா செல் ரெண்டு வோல்ட்டுக்கும் கீழ போயிடும், அப்புறம் அத சார்ஜ் போடறதே ஆபத்து.

லாக்கிங்க மொதல்ல நோட்புக்குக்குள்ளயே வச்சேன், சீரியல் போர்ட்ட படிக்கற பைசீரியல் லைப்ரரிய இம்போர்ட் பண்ணி போர்ட்ட தொறந்து ஒரு லூப்ல வரிய படிச்சு லிஸ்ட்ல சேக்கறது. பாக்க வசதியா இருக்கும், ஆனா இது சரிப்படாது. ரெண்டரை மணி நேரம் ஓடற டெஸ்ட்ல நடுவுல வேற ஒரு ப்ளாட்ட பாக்கணும்னா முடியாது, அந்த ப்ளாக் ஓடி முடியற வரைக்கும் நோட்புக் கட்டிப் போட்ட மாதிரி நிக்கும். கெர்னல், அதாவது நோட்புக்குக்குப் பின்னாடி ஓடற பைத்தான், செத்தா டேட்டாவும் போச்சு. அதவிட பெரிய பிரச்சனை, சீரியல் போர்ட்ட மறுபடி தொறந்தாலே ஈஎஸ்பி32 ரீசெட் ஆகும், யூஎஸ்பி சிப்போட டிடிஆர், ஆர்டிஎஸ் லைன் ரெண்டும் போர்டோட ரீசெட்டுல கோத்திருக்கு. ஓலெட்ல ஓடிட்டிருந்த எம்ஏஎச் கணக்கு சுழிக்குப் போயிடும்.

அதனால லாக்கர தனி பைத்தான் ஸ்க்ரிப்டா பிரிச்சேன். போர்ட்ட ஒரு தடவதான் தொறக்கும், வர்ற ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி கம்ப்யூட்டர் நேரத்தையும் சேத்து சிஎஸ்வி ஃபைல்ல எழுதி உடனே ஃப்ளஷ் பண்ணும், அவ்வளவுதான் அதுக்கு வேலை. நோட்புக் ஃபைல படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. இப்போ ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு நேரம் இருக்கு, கம்ப்யூட்டர் சொல்ற நேரம் ஒண்ணு, போர்டு சொல்ற மில்லிசெகண்ட் ஒண்ணு. இந்த ரெண்டாவது காலம் (டேபிள்ல மேலேர்ந்து கீழ வர்ற வரிசையத்தான் காலம்ங்கறேன்) இல்லன்னா பின்னாடி நான் மாட்டியிருப்பேன்.

ஃபைல் மேல நாலு வரி ஹாஷ் (#) போட்டு குறிப்பு எழுதறேன், செல் நம்பர், லோடு எத்தன ஓம், எந்த ஹோல்டர், சார்ஜ் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு. செல் மேல மார்க்கர்ல அதே நம்பர். ஃபைல் பேர்லயே எல்லாத்தையும் திணிச்சா நாலு நாள் கழிச்சு எது எதுன்னு தெரியாது.

டேபிள் டேட்டாவுக்கான பைத்தான் லைப்ரரி பாண்டாஸ்ல படிக்கறப்போ கமெண்ட் எழுத்து ஹாஷ்னு சொல்லிட்டா அந்த வரிங்கள விட்டுடும். ஆனா ஈஎஸ்பி32 ஆன் ஆகறப்போ அதோட பூட்லோடர் சில வரிங்கள சீரியல்ல துப்பும், ரீசெட் காரணம், பூட் மோடுன்னு, அதுவும் ஃபைலுக்குள்ள வந்துடும். அதுக்கு, தப்பான வரிங்கள தாண்டிப் போன்னு ஒரு ஆப்ஷன், அப்புறம் ஒவ்வொரு காலத்தையும் நம்பரா மாத்து, மாறலன்னா காலியா விடுன்னு ஒண்ணு, கடைசியில காலியான வரிங்கள தூக்கு. இந்த மூணும் போதும். தூக்கறதுக்கு முன்னாடி எத்தன வரி போகுதுன்னு ப்ரிண்ட் பண்ணிப் பாருங்க. அஞ்சு பத்து போனா பூட் குப்பை, ஐநூறு போனா வயர் லூஸ்.

அடுத்தது என்னோட ரொம்ப நேரத்த சாப்ட்ட விஷயம். மொதல் சில செல்லுங்கள டெம்பரேச்சர் சென்சார் இல்லாமதான் டெஸ்ட் பண்ணேன். 2600 எம்ஏஎச்னு போட்ட செல்லுக்கு 1900, 2000னு வந்துச்சு, பழைய செல்லுக்கு நல்ல நம்பர்தான். அப்புறம் செல் சூடாகுதான்னு பாக்க டிஎஸ்18பி20ய டேப் போட்டு ஒட்டினேன். அதுலேர்ந்து ஓலெட்ல வர்ற எல்லா செல்லும் 1100, 1150ன்னே வருது. அடுத்த பேட்டரில எடுத்த செல்லுங்க எல்லாம் மோசம் போலன்னு அதையெல்லாம் தனி டப்பாவுல கழிச்சுப் போட ஆரம்பிச்சேன்.

நோட்புக்ல கரண்ட நேரத்தோட சேத்து கூட்டிப் பாத்தா வேற நம்பர் வருது. ஒரு செல்லுக்கு ஓலெட் 1148ங்குது, நோட்புக் 2014ங்குது. ஒரே டெஸ்ட், ஒரே ஃபைல். கரண்ட் ரெண்டுத்துலயும் ஒண்ணுதான், அப்போ நேரத்துலதான் ஏதோ இருக்குன்னு போர்டு மில்லிசெகண்ட் காலத்துல அடுத்தடுத்த வரிக்கு நடுவுல வித்தியாசம் எடுத்து, சராசரி, மீடியன்லாம் சுருக்கமா காட்டற பாண்டாஸ் டிஸ்க்ரைப் போட்டேன். மீடியன் 1755 மில்லிசெகண்ட்! லூப்ல ஒரு செகண்ட் டிலேதான் வச்சிருக்கேன், ஃபர்ம்வேரும் ஒரு லூப்புன்னா ஒரு செகண்ட்னு எடுத்துக்கிட்டுதான் எம்ஏஎச் கூட்டுது. டிஎஸ்18பி20 12 பிட்ல ஒரு தடவ டெம்பரேச்சர் மாத்திச் சொல்ல 750 மில்லிசெகண்ட் வரைக்கும் எடுக்கும்னு அதோட டேட்டாஷீட்லயே இருக்கு, லைப்ரரி அது முடியற வரைக்கும் அங்கயே காத்துட்டு நிக்குது. ஒரு செகண்ட்னு கணக்கு வச்ச ஒவ்வொரு வரியும் உண்மையில ஒன்னே முக்கால் செகண்ட். 2014ஐ 1.755ஆல வகுத்தா 1148 கிட்டத்தட்ட அப்படியே வருது. கழிச்சுப் போட்ட டப்பாவ மறுபடி எடுத்துட்டு வந்தேன், பாதிக்கு மேல நல்ல செல்.

நேர காலத்த சேமிச்சு வச்சிருந்ததால ஒரு செல்லக்கூட மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டியிருக்கல, பழைய ஃபைல்ங்களையே மறுபடி ஓட்டி எல்லா நம்பரையும் திருத்திக்கிட்டேன். வெறும் எம்ஏஎச்ச மட்டும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா அந்த நம்பர வச்சு ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காது. இத கண்டுபிடிச்ச அன்னிக்கே ஃபர்ம்வேர்லேர்ந்து எம்ஏஎச் கணக்க மொத்தமா தூக்கிட்டேன், ஓலெட் இப்போ வோல்டேஜும் கரண்ட்டும் மட்டும் காட்டுது.

கூட்டறதுக்கு பைத்தானோட கணக்கு லைப்ரரி நம்பைல ட்ராப்பசாய்ட் ஃபங்க்ஷன், ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடு போட்டு பரப்பளவு எடுக்கும், மில்லிஆம்பியரும் மணி நேரமும் குடுத்தா நேரா எம்ஏஎச். நம்பை 2.0லேர்ந்து பழைய ட்ராப்ஸ் பேர கைவிட்டு ட்ராப்பசாய்ட்னே பேர் வச்சிட்டாங்க, பழைய ப்ரோக்ராம காப்பி பண்ணி வார்னிங் வந்தா அதான் காரணம். டிஸ்சார்ஜ் போகப் போக எவ்வளவு ஆச்சுன்னு ஒரு காலமாவே வேணும்னா சைப்பை லைப்ரரில க்யூமுலேட்டிவ் ட்ராப்பசாய்ட் இருக்கு, எனக்கு எக்ஸ் அச்சுல எம்ஏஎச், ஒய் அச்சுல வோல்டேஜ் போட அதான் தேவப்பட்டுச்சு. லேப்டாப் தூங்கி நடுவுல இருபது நிமிஷம் வரி விட்டுப் போனாலும் இந்த முறை பெருசா கெடுக்காது, ஏன்னா போர்டு பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, கரண்ட் மெதுவாத்தான் இறங்கும், நேர்கோடு போட்டா கிட்டத்தட்ட சரியா இருக்கும். ஆனா வித்தியாச காலம் நெகட்டிவா வந்துச்சுன்னா போர்டு நடுவுல ரீசெட் ஆயிருக்குன்னு அர்த்தம், அந்த ஃபைல நான் கணக்குல எடுக்கறதில்ல. அஞ்சு செகண்டுக்கு மேல இடைவெளி வந்த எடத்துல ப்ளாட்ல ஒரு செங்குத்துக் கோடு வர்ற மாதிரி வச்சிருக்கேன், கண்ணுல படும்.

வோல்டேஜ்லயும் ஒரு சிக்கல். ஐஎன்ஏ219 சொல்ற பஸ் வோல்டேஜ், ஷண்ட்டுக்கு (கரண்ட அளக்க உள்ள வச்சிருக்கற சின்ன ரெசிஸ்டர்) அந்தப் பக்கம், அதாவது லோடு பக்கம் இருக்கற வோல்டேஜ். மாட்யூல்ல இருக்கற ஷண்ட் 0.1 ஓம், 0.8 ஆம்பியர் போனா 80 மில்லிவோல்ட் அதுலயே விழுது. செல்லோட வோல்டேஜ் வேணும்னா பஸ் வோல்டேஜோட ஷண்ட் வோல்டேஜையும் கூட்டணும். அத கூட்டாம விட்டா 3 வோல்ட்னு நிறுத்தறப்போ செல் உண்மையில 3.06ல இருக்கும், வயர், ஹோல்டர் இழப்பு சேத்தா 3.1. அந்த எடத்துல கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கறதால கெபாசிட்டில முப்பது நாப்பது எம்ஏஎச்தான் குறையும், பெருசில்ல, ஆனா செல்லுக்கு செல் ஒப்பிடறப்போ அது உறுத்தும்.

உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது செல்லுக்குள்ளயே இருக்கற ரெசிஸ்டன்ஸ், எடுக்கப் போனப்போதான் உண்மையான வேலையே ஆரம்பிச்சுது. முறை இதுதான், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ லோட ரெண்டு செகண்ட் நிறுத்து, வோல்டேஜ் எவ்வளவு மேல ஏறுதுன்னு பாரு, அத கரண்ட்டால வகு. நோட்புக்ல கரண்ட் காலத்துல டிஃப் (அடுத்தடுத்த வரிக்கு நடுவுல வித்தியாசம்) எடுத்து, திடீர்னு அரை ஆம்பியருக்கு மேல விழற வரிங்கள கண்டுபிடிச்சு, அதுக்கு முந்தின வரி, அடுத்த வரி எடுத்தா போதும். ஒரு டெஸ்டுக்கு முப்பது பல்ஸ் கிட்ட கெடைக்கும். அந்த ரெண்டு செகண்ட் நேரத்துல மட்டும் செகண்டுக்கு பத்து தடவ படிக்கற மாதிரி ஃபர்ம்வேர மாத்தினேன், டெம்பரேச்சர் படிக்கறத அந்நேரம் நிறுத்திட்டேன்.

ஒரே செல்ல எடுத்து திருப்பி மாட்டுனா 180 மில்லிஓம், இன்னொரு தடவ 130, இன்னொரு தடவ 210. நடுவுல ஒரு டெஸ்டுக்குள்ள மட்டும் முப்பது பல்ஸும் ஒழுங்கா ஒரே மாதிரி வருது, கழட்டி மாட்டுனாதான் மாறுது. அப்போ செல்லுல இல்ல, மாட்டற எடத்துல. லோட ஓட விட்டுட்டு ஹோல்டர்ல இருக்கற செல்ல ரெண்டு விரலால மெதுவா உருட்டிக்கிட்டே ஓலெட்ட பாத்தேன், வோல்டேஜ் 3.71, 3.66, 3.73ன்னு ஆடுது. மல்டிமீட்டர மில்லிவோல்ட்ல வச்சு ஒரு முள்ள செல்லோட மைனஸ் தட்டுலயும் இன்னொன்ன ஹோல்டர் ஸ்ப்ரிங்கோட அடியில சால்டர் பண்ண எடத்துலயும் வச்சா 60 மில்லிவோல்ட். 0.8 ஆம்பியர்ல அது 75 மில்லிஓம். செல்லோட சொந்த ரெசிஸ்டன்ஸே அந்த ரேஞ்சுலதான் இருக்கு! நான் இவ்வளவு நேரம் அளந்தது பாதி செல், பாதி ஸ்ப்ரிங்.

இதுக்கு ஒரே வழி நாலு வயர் முறை, கெல்வின் கனெக்‌ஷன்னு சொல்வாங்க. கரண்ட் போக ரெண்டு வயர், வோல்டேஜ் பாக்க தனியா ரெண்டு வயர், இந்த ரெண்டும் நேரா செல்லோட உடம்புலயே தொடணும், வேற எங்கயும் கரண்ட் வயரோட சேரக் கூடாது. வோல்டேஜ் வயர்ல கரண்ட் கிட்டத்தட்ட போகாததால அங்க கான்டாக்ட் கொஞ்சம் மோசமா இருந்தாலும் அளவு கெடாது. ஹோல்டர் ரெண்டு முனையிலயும் ஒரு சின்ன ஓட்டை போட்டு, உள்ள ஸ்ப்ரிங் வச்ச போகோ பின் சொருகி, ஃபெவிக்விக்க சுத்தி ஒரு சொட்டு விட்டு நிறுத்தினேன், பின்னுக்குப் பின்னாடி மெல்லிசு வயர். மைனஸ் பக்கம் ஸ்ப்ரிங் சுருளுக்கு நடுவுல பின் வருது, ஸ்ப்ரிங்கத் தொடாம இருக்க அதுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டேன். போகோ பின் பாக்கெட் 100 ரூபா சொச்சம், பத்து பின் இருக்கும்.

இப்போ அந்த வோல்டேஜ யார் படிக்கறது. ஐஎன்ஏ219ல பஸ் வோல்டேஜ் 4 மில்லிவோல்ட் படியாத்தான் வரும், ப்ளாட்ட பெருசாக்கிப் பாத்தா கோடு மாடிப்படி மாதிரி தெரியும். 0.78 ஆம்பியருக்கு 4 மில்லிவோல்ட்னா 5 மில்லிஓம், அதுக்குக் கீழ எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால ஏடிஎஸ்1115, 16 பிட் ஏடிசி (வோல்டேஜ நம்பரா மாத்தற சிப்), 250 ரூபாக்கு வாங்கினேன். இத ஈஎஸ்பி32ஓட 3.3 வோல்ட்லேர்ந்து ஓட்டறோம்னா 4.2 வோல்ட் செல்ல நேரா அதோட பின்ல குடுக்கக் கூடாது, சப்ளையவிட 0.3 வோல்ட்டுக்கு மேல போனா சிப் தாங்காது. ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு பாதியாக்கி, பின்ல 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒண்ணு. 4.096 வோல்ட் ரேஞ்சுல ஒரு படி 125 மைக்ரோவோல்ட், பாதியாக்குனதால செல் பக்கம் பாத்தா 250 மைக்ரோவோல்ட். ஐஎன்ஏவவிட பதினாறு மடங்கு நுணுக்கம்.

ஆனா 1% ரெசிஸ்டர் ரெண்டு போட்டா பாதிங்கறது சரியா பாதியா இருக்காது, மோசமான கேஸ்ல 4.2 வோல்ட்டுக்கு 42 மில்லிவோல்ட் வரைக்கும் தள்ளும். அதனால கேலிப்ரேஷன். வேற வேற சார்ஜ்ல இருக்கற செல்லுங்கள மாட்டி மல்டிமீட்டர் சொல்றத ஒரு லிஸ்ட், ஏடிஎஸ் சொல்றத ஒரு லிஸ்ட், நம்பை பாலிஃபிட்ல டிகிரி ஒண்ணு, அதாவது புள்ளிங்களுக்கு ஒரு நேர்கோடு பொருத்தறது. சாய்வும் ஆஃப்செட்டும் கெடைச்சுடும். கரண்ட்டுக்கும் இதே மாதிரி, 4.7, 10, 22 ஓம்னு லோட மாத்தி மாத்தி மல்டிமீட்டர சீரிஸ்ல போட்டு. என் ஐஎன்ஏ ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல குறைச்சுக் காட்டிட்டிருந்துச்சு, ஷண்ட் ரெசிஸ்டரே 1% தான், அதுல தப்பு சொல்ல முடியாது. இந்த எண்ணுங்கள ஃபர்ம்வேர்ல போடாம நோட்புக்ல மேல ஒரு ப்ளாக்ல வச்சிருக்கேன், ஃபைல்ல எப்பவும் கச்சா அளவுதான் இருக்கும், நாளைக்கு நல்ல மீட்டர் கெடைச்சா எண்ண மட்டும் மாத்தி எல்லாத்தையும் மறுபடி ஓட்டிக்கலாம்.

கெல்வின் மாத்துனப்புறம் அதே செல்ல கழட்டி மாட்டி கழட்டி மாட்டிப் பாத்தேன், 79, 81, 80. எனக்கு அன்னிக்கு ரொம்ப சந்தோஷம். 130, 180, 210னு ஆடிட்டிருந்த அதே செல்தான் இது.

இந்த எண்ண செல் டேட்டாஷீட்ல இருக்கற எண்ணோட ஒப்பிடாதீங்க. அங்க பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் ஏசில எடுத்திருப்பாங்க, நாம எடுக்கறது டிசி பல்ஸ், எப்பவும் கூடத்தான் வரும், லோட நிறுத்தி எத்தன செகண்ட் கழிச்சு படிக்கறீங்கங்கறத பொறுத்தும் மாறும். அதனால ஒரே நேர அளவ வச்சுக்கிட்டு உங்க செல்லுங்களுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க. டெம்பரேச்சரும் முக்கியம், சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் இறங்கும். மதியம் மொட்ட மாடி ரூம்ல எடுத்ததும் ராத்திரி எடுத்ததும் ஒண்ணா இருக்காது, அதனால டெஸ்ட் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு வழக்கம் பண்ணிக்கிட்டேன்.

டெம்பரேச்சர் ப்ளாட்ல நடு நடுவுல 85 டிகிரின்னு ஒரு முள்ளு வந்துச்சு, மொதல் தடவ பாத்தப்போ பதறிட்டேன். செல் கொதிக்கல. டிஎஸ்18பி20 பவர் வந்ததும் அளவு எடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சா அது சொல்ற எண் சரியா 85.0. வயர் லூஸா இருந்து சென்சாருக்கு சப்ளை விட்டு விட்டு வந்துட்டிருந்துச்சு. மைனஸ் 127 வந்துச்சுன்னா சென்சார் பதிலே சொல்லலன்னு லைப்ரரி சொல்லுது. சரியா இந்த ரெண்டு எண்ணையும் மட்டும் காலியாக்கினேன், சுத்தி இருக்கறத ஸ்மூத் பண்ணல, ஏன்னா உண்மையாவே செல் சூடாச்சுன்னா அது எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரு செல் சார்ஜ்ல இருக்கறப்போவே 45 தாண்டுச்சு, அத அப்பவே எடுத்து வெளிய வச்சாச்சு.

நோட்புக் பழக்கத்த பத்தி ஒண்ணு சொல்லணும். ப்ளாக்குகள மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஓட்டிட்டிருந்தா, கேலிப்ரேஷன் எண்ண மாத்தின பிறகும் பழைய எண்ணோட கணக்குப் போட்ட டேபிள் திரையில அப்படியே நிக்கும், பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். கரண்ட் கேலிப்ரேஷன ரெண்டு தடவ பெருக்கற ப்ளாக் ஒண்ணு இருந்துச்சு, அதே காலத்த எடுத்து அதே பேர்லயே திருப்பி வைக்கறது, அத மறுபடி ஓட்டுனா இன்னொரு 1% ஏறிடும். இப்போ கச்சா காலத்த தொடறதே இல்ல, திருத்தினது எப்பவும் புதுப் பேர்ல தனிக் காலம். ஒரு ஃபைல குடுத்தா எம்ஏஎச், ரெசிஸ்டன்ஸ், அதிகபட்ச டெம்பரேச்சர் மூணையும் திருப்பித் தர்ற மாதிரி ஒரே ஃபங்க்ஷன், ஃபோல்டர்ல இருக்கற எல்லா ஃபைலுக்கும் அத ஓட்டி ஒரு டேபிள். எந்த எண்ண நம்பி முடிவெடுக்கப் போறேனோ அதுக்கு முன்னாடி கெர்னல ரீஸ்டார்ட் பண்ணி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவ ஓட்டறது கட்டாயம்.

டிக்யூ டிவி கோடும் முயற்சி பண்ணேன், அதாவது வோல்டேஜ் மாறறதுக்கு எவ்வளவு சார்ஜ் போகுதுங்கற கோடு, அதுல வர்ற மேடுங்கள வச்சு செல்லோட வயச கணிப்பாங்க. ஐஎன்ஏ டேட்டால அது வெறும் முள்வேலிதான், 4 மில்லிவோல்ட் படி ஒவ்வொண்ணும் ஒரு முள்ளாகுது. ஏடிஎஸ் டேட்டால ஸ்மூத் பண்ற சவிட்ஸ்கி கோலே ஃபில்டர் போட்டதும் மேடு தெரிஞ்சுது. ஆனா நம்ம லோடு கான்ஸ்டன்ட் கரண்ட் இல்ல, அதுவும் இந்த வேகத்துல டிஸ்சார்ஜ் பண்ணா மேடெல்லாம் மழுங்கிடும், பேக் கட்ட அது தேவையும் இல்லன்னு விட்டுட்டேன்.

சார்ஜ் போடறதுக்கு டிபி4056ங்கற லித்தியம் சார்ஜர் மாட்யூல், ஆனா எல்லா செல்லையும் ஒரே மாட்யூல்லதான் போட்டேன். அதோட 4.2 வோல்ட்டுக்கு ஒன்றரை சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், ரெண்டு மாட்யூல மாத்தி மாத்திப் போட்டா தொடக்கமே வேற வேறயா இருக்கும். டெஸ்ட் முடிஞ்ச செல்லுங்கள மறுபடி முழுசா சார்ஜ் போட்டு வோல்டேஜ் எழுதி ஒரு மாசம் சும்மா வச்சேன். இது ரொம்ப முக்கியமான டெஸ்ட், செலவே இல்லாதது. கெபாசிட்டி 2090, ரெசிஸ்டன்ஸ் 74ன்னு டேபிள்ல மேல நின்ன ஒரு செல் 4.18லேர்ந்து 3.92க்கு இறங்கியிருந்துச்சு, மத்ததெல்லாம் 4.12க்கு மேலயே இருக்கு. உள்ளுக்குள்ள கசியுது. டிஸ்சார்ஜ் கோட்ட எத்தன தடவ பாத்தாலும் இது தெரிஞ்சிருக்காது. பேக்ல போட்டிருந்தா பேரலல்ல இருக்கற ஜோடியையும் சேத்து இழுத்திருக்கும்.

கடைசியில தேறின ஆறு செல், 2110, 2075, 2060, 2045, 2031, 2014. பெரிசோட சிறிச ஜோடி சேத்தா 4124, 4106, 4105. மூணு ஜோடிக்கும் நடுவுல 19 எம்ஏஎச்தான் வித்தியாசம். சீரிஸ்ல சின்ன ஜோடிதான் முதல்ல காலியாகி மொத்தத்தையும் நிறுத்தும், அதனால தனித்தனி செல் எவ்வளவுங்கறதவிட ஜோடிங்க சமமா இருக்கறதுதான் கணக்கு. ஆறுன்னா கையாலயே சேத்துடலாம், நெறைய செல் இருந்தா பைத்தானோட இட்டர்டூல்ஸ்ல எல்லா சேர்க்கையும் ஓட்டி வித்தியாசம் கம்மியா இருக்கறத எடுக்கச் சொல்லலாம்.

ரூட்டர் 12 வோல்ட்ல சுமார் 6 வாட் எடுக்குது. பேக் 45 வாட் ஹவர் சொச்சம், பேக் வோல்டேஜ 12 வோல்ட்டா மாத்தற பக் பூஸ்ட் மாட்யூலுக்கு 85% எஃபிஷியன்ஸி போட்டா ஆறரை மணி நேரம் வரணும். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வருது. மிச்சம் எங்க போகுதுன்னு இன்னும் லாக் போட்டுப் பாக்கல, மாட்யூலோட உண்மையான எஃபிஷியன்ஸிதான்னு நெனைக்கறேன், அத லோட மாத்தி மாத்தி இதே செட்டப்ல அளக்க முடியும்.

அடுத்த தடவ பண்ணா சிமெண்ட் ரெசிஸ்டருக்கு பதிலா எல்எம்358 ஆப்ஆம்பும் மாஸ்ஃபெட்டும் வச்சு கான்ஸ்டன்ட் கரண்ட் லோடு பண்ணுவேன், எல்லா செல்லையும் ஒரே கரண்ட்ல ஒப்பிடலாம். கெல்வின் ஹோல்டர மொதல் நாளே பண்ணிடுவேன். ஏடிஎஸ்1115ல நாலு சேனல் இருக்கு, நான் ஒண்ணுதான் பயன்படுத்தறேன், ஒரே நேரத்துல நாலு செல் ஓட்டினா வாரக் கணக்குல மிச்சமாகும், ஆனா அதுக்கு நாலு ஐஎன்ஏ வேணும், அட்ரஸ் ஜம்பர் ரெண்டு இருக்கறதால ஒரே பஸ்ல நாலும் ஒக்காரும், 600 ரூபா ஆகும். ஹோல்டர் மட்டும் பிளாஸ்டிக் வேணாம், ரெசிஸ்டர் சூட்டுல என்னுது லேசா வளைஞ்சு போய் போகோ பின் இப்போ ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது.